தோளில் சுமக்கும் ஏவுகணையும் தாழப் பறக்கும் விமானமும்

மட்டக்களப்பு விமான நிலையம் 2018 ஆம் ஆண்டு சிவில் சேவைக்குத் திறக்கப்பட்டபோது எங்கள் ஊரில் பலர் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆயினும் வாவிக்கு மேலாக, நிலையம் அமைந்துள்ள திமிலைதீவை நோக்கி ஒரு விமானம் தாழ்ந்து வரும்போதெல்லாம், அந்த உயரத்தில் பயணிகள் விமானமொன்று எவ்வளவு நிராதரவானது என்ற எண்ணம் எனக்கு எழாமல் இருப்பதில்லை.

1998 செப்டெம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்டனோவ் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள். தரைவழி அடைபட்டிருந்த காலத்தில் மருத்துவத்திற்கும் கடவுச்சீட்டு அலுவலுக்கும் கொழும்பு போக வேண்டியிருந்த சனங்களுக்கு அத்தகைய விமானங்களே வழியாக இருந்தன. விடுதலைப் புலிகளின் ஏவுகணையே அதை வீழ்த்தியது என்று பரவலாக நம்பப்படுகிறது. சிதைவுகளைக் கடற்படையினர் கடலடியில் கண்டறிந்தது 2012 இல்தான். பதினான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் ஓர் எலும்புத் துண்டுகூட இல்லாமல் காத்திருந்தன. ஏவியவர் எவராயினும், எந்த நியாயத்தைச் சொன்னாலும், பயணிகள் விமானத்தை இலக்காக்குவது கொலை என்பதை நாம் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவர் தனியே தூக்கிச் செல்லக்கூடிய இவ்வேவுகணை, எஞ்சினின் வெப்பத்தைத் தேடிச் செல்வது. பழைய சோவியத் தயாரிப்பான ஸ்ட்ரெலா வகை ஏறத்தாழ மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் எட்டாது. ஆகவே பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அதனால் ஆபத்தில்லை. ஆபத்து ஏறும்போதும் இறங்கும்போதும்தான். வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம், ஓடுபாதைக்கு அறுபது கிலோமீட்டர் தொலைவிலேயே அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. எங்கள் நிலையத்தைச் சுற்றி அப்படியொரு வட்டம் வரைந்தால் வாழைச்சேனையும் கல்முனையும் அதற்குள் அடங்கும். இத்தனை வயலையும் காட்டையும் கடற்கரையையும் எந்த வேலியால் காவல் காக்க முடியும்?

2002 நவம்பரில் மொம்பாசாவில் இஸ்ரேலிய போயிங் 757 ஒன்றின்மீது ஏவப்பட்ட இரண்டு ஏவுகணைகளும் குறி தவறின. மறு ஆண்டு பக்தாத்தில் ஏவுகணை தாக்கி இறக்கை எரிய, விமானத்தைத் திருப்பவும் சாய்க்கவும் உதவும் திரவ அழுத்த (ஹைட்ராலிக்) அமைப்பு முழுவதையும் இழந்த சரக்கு விமானத்தை, எஞ்சின்களின் விசையை மட்டும் கூட்டியும் குறைத்தும் விமானிகள் தரையிறக்கினார்கள். அது அவர்களின் அசாத்தியத் திறமை. ஆனால் பயணிகளின் உயிரை அத்தகைய திறமையிடமும் நற்பேற்றிடமும் ஒப்படைத்துவிட்டு நாம் இருக்க முடியாது. ஏவுகணையின் கண்ணைக் குழப்பும் லேசர்க் கருவிகளை இஸ்ரேல் தன் விமானங்களில் பொருத்துகிறது. சிறிய நிறுவனங்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

எனவே ஆயுதக் களஞ்சியத்தில்தான் காவல் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட வாசனார் ஏற்பாட்டின் 2003 ஆம் ஆண்டு விதிகள், ஏவுகணையையும் அதன் ஏவுபொறியையும் வெவ்வேறு இடங்களில் வைக்கும்படி கோருகின்றன. 2011 இல் லிபிய அரசு சரிந்தபோது காவலற்றுப்போன களஞ்சியங்களிலிருந்து இவ்வகை ஏவுகணைகள் எல்லை கடந்து பரவின. போர் ஓய்ந்த எந்த நாடும் தன் கையிருப்பை எண்ணி, மேலதிகமானவற்றையும் மீட்கப்பட்டவற்றையும் சாட்சிகள் முன்னிலையில் அழித்து, அந்தக் கணக்கைத் தன் மக்களுக்கு வெளியிட வேண்டும். இலங்கையிடமும் நான் கேட்பது இதையே.