நூற்றுத் தொண்ணூற்றொன்பது

2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வு. எனக்கு மூன்றாவது தடவை. வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர். பாரிமுனையில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்க்கிறேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்பிங் ஹையர் முடித்திருப்பதால் டைப்பிஸ்ட் போஸ்டிங் கிடைத்தால் போதும் என்பதே என் கனவு. லீவு நாளெல்லாம் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் கழியும். ஆறாவதிலிருந்து பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் பைண்டிங் பிரிகிற அளவுக்குப் புரட்டியாயிற்று.

200 கேள்வி, 300 மார்க், மூன்று மணி நேரம். தமிழில் மட்டும் 100 கேள்வி. நெகட்டிவ் மார்க் இல்லை. ஆனால் எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது. விடை தெரியாவிட்டால் 'ஈ' என்ற ஐந்தாவது வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். கடைசியில் ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணிப் போடுவதற்குத் தனியாகக் கால் மணி நேரம்.

இதெல்லாம் சும்மா வந்ததில்லை. 2019 குரூப் 4-இல் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர், கொஞ்ச நேரத்தில் அழிந்துபோகும் மையால் விடை குறித்தார்கள். தாள் சென்னைக்கு வரும் வழியில் சரியான விடை ஏறிவிட்டது. 99 பேருக்கு ஆயுள் தடை. காலி வட்டம் என்றாலே சந்தேகம் என்றாகிவிட்டது. எவனோ மாய மை வாங்கினான், நாங்கள் உட்கார்ந்து ஈ எண்ணுகிறோம்.

என் தாளில் ஈ ஒன்றுகூட இல்லை. சும்மா குத்தினாலும் கால்வாசி வாய்ப்பு இருக்கும்போது யார் ஈயைத் தொடுவார்கள்? 12.30-க்கு மணி அடித்தது. எண்ணினேன். 48, 53, 51, 47. கூட்டினால் 199.

திரும்ப எண்ணினேன். அதே 199. கை சில்லிட்டுவிட்டது. வரிசையாக விரல் வைத்துத் தேடினால், தமிழ்ப் பகுதியில் ஒரு பிரித்தெழுதுக. இரண்டு விடை சரிபோலத் தெரிந்ததால் அப்புறம் வரலாம் என்று விட்டது. இப்போது பார்த்ததும் விடை பளிச்சென்று தெரிகிறது!

மேற்பார்வையாளர் அம்மாவிடம் தாளைக் காட்டினேன். "இனிமே விடை வட்டத்தைத் தொடக்கூடாதும்மா. எண்ணிக்கை மட்டும் போடுங்க" என்றார், பாவமாகத்தான். ஈக்கு நேரே சைபர் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்த தேர்வு அது. ரிசல்ட் வர அடுத்த மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் காலியிடங்கள் 10,000-ஐத் தாண்டின, என் ரேங்க் மட்டும் எட்டாத தூரத்தில். அந்த ஒரு வட்டத்தால் போகவில்லை, கணக்குக் கேள்விகளில் கோட்டைவிட்டதால்தான் போனது. ஆனாலும் வீட்டில் யார் கேட்டாலும் அந்த வட்டத்தைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.