ரசாயன ஸ்டோர் நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

ரசாயன ஸ்டோரின் பொறுப்பு இன்று என்னிடம் வந்தது. கூடவே ஒரு தடித்த கோப்பு. உள்ளே இருப்பதெல்லாம் ஒவ்வொரு ரசாயனத்தின் ஆபத்தையும் கையாளும் விதத்தையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாள்கள், அதாவது எஸ்டிஎஸ். பழைய ஆட்கள் இன்னும் 'எம்எஸ்டிஎஸ்' என்றுதான் கேட்கிறார்கள்.

எந்த நிறுவனம் போட்டாலும் தாளில் 16 பகுதிகள், அதே வரிசை. ரசாயனங்களை வகைப்படுத்தவும் லேபிள் போடவும் உலகுக்கே பொதுவாக ஐ.நா. 2003-ல் வெளியிட்ட ஜிஎச்எஸ் முறை தந்த வசதி இது. முதலுதவி வேண்டுமா, பகுதி 4. தீயணைக்க 5, சிந்திவிட்டால் 6. அவசரத்தில் பக்கம் புரட்டித் தேட வேண்டியதில்லை.

புது ஆளிடம் முழுத் தாளையும் கொடுத்து "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு" என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போக்குவரத்து விதியும் சட்டக் குறிப்பும் அவருக்கு எதற்கு? 2 (என்ன ஆபத்து), 4 (முதலுதவி), 7 (கையாளுவதும் சேமிப்பதும்), 8 (கையுறை போன்ற பாதுகாப்பு), 10 (எதோடு சேரக் கூடாது) ஆகிய ஐந்து பகுதிகளை உட்கார்ந்து பேசினால் போதும். மற்றவை தேவைப்படும்போது.

மார்ச் 6, வியாழன்

லேபிளில் ஆபத்தைக் காட்டும் ஜிஎச்எஸ் படக்குறிகளைப் பார்க்க இன்று எல்லோரையும் கூப்பிட்டேன். சிவப்புக் கரை போட்ட சாய்சதுரம், உள்ளே கறுப்புப் படம். மொத்தம் 9.

மண்டையோட்டைக் கண்டால் எல்லோரும் ஒதுங்குகிறார்கள். மார்பில் நட்சத்திரம் வெடித்த மனித உருவத்தை யாரும் சட்டை செய்வதில்லை. "இது என்னண்ணே, நெஞ்சு எரிச்சலா?" என்று ஒரு தம்பி கேட்டான். சிரித்துவிட்டோம், ஆனால் நல்ல கேள்வி. மண்டையோடு உடனடி நஞ்சுக்கு. கொஞ்சம் உள்ளே போனாலும் ஆபத்து. நட்சத்திர உருவமோ பெரும்பாலும் மெல்லக் கொல்லும் சங்கதிகளுக்கு: புற்றுநோய், கருவுக்குப் பாதிப்பு, மூச்சுக்குழாய் ஒவ்வாமை, நாள்பட்ட உறுப்புச் சேதம். டொலுவீன் கலந்த தின்னர் டப்பாவில் இருப்பது இந்த உருவம்தான். தினமும் திறக்கிற டப்பா அது. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

மார்ச் 7, வெள்ளி

ஒரு பழைய அசிட்டோன் டிரம்மில் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என நாலு கட்டம் போட்ட வேறொரு சாய்சதுரம். தீயணைப்பு வீரர்கள் தூரத்தில் இருந்தே பார்த்துப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ வகுத்த முறை அது. எரியும் தன்மையைக் காட்டும் சிவப்புக் கட்டத்தில் 3 என்று இருக்கிறது. எஸ்டிஎஸ்ஸில் அதே அசிட்டோன், எரியும் திரவம், வகை 2.

இரண்டும் சரி. கட்டத்தில் 0 முதல் 4 வரை. 4 தான் மோசம். ஜிஎச்எஸ் வகையில் நேரெதிர். 1 தான் மோசம். இரண்டையும் ஒரே அளவுகோலாக எண்ணினால் மிக மோசமான சரக்கையே சாது என்று நினைத்துவிடுவோம். ஸ்டோர் கதவில் இதை மட்டும் கொட்டை எழுத்தில் ஒட்டிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

ஆசிட் அலமாரியைப் பிரித்தோம். 'ஆசிட் எல்லாம் ஒரே இடம்' என்பது இங்கே பழைய வழக்கம். நைட்ரிக் ஆசிட்டும் அடர் அசிட்டிக் ஆசிட்டும் தோளோடு தோள் நின்றன. லேபிள்களை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். இரண்டிலும் உலோகத்தையும் கையையும் அரிக்கும் படம் இருக்கிறது. கூடவே நைட்ரிக்கில் வட்டத்தின் மேல் சுடர். அசிட்டிக்கில் வெறும் சுடர். வட்டம் இருந்தால், அந்தச் சரக்கு எரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பதை எரியவைக்கும் என்று பொருள். வெறும் சுடர் என்றால் தானே எரியும். அசிட்டிக் ஆசிட்டின் ஆவி ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸிலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டும் உடைந்து கலந்தால்? பகுதி 7-லும் 10-லும் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அலமாரி அடுக்கியவர் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

அசிட்டிக் இப்போது எரியும் திரவங்களின் பக்கம், தனித் தட்டில்.

மார்ச் 18, செவ்வாய்

சுத்தம் செய்யும் அக்காவின் தள்ளுவண்டியில் பெயரில்லாத இரண்டு ஸ்ப்ரே பாட்டில்கள். ஒன்று பிளீச், இன்னொன்று கறை நீக்கும் ஆசிட். "எனக்குத் தெரியும் தம்பி, மூடி நிறம் வேற" என்றார். அவருக்குத் தெரியும், சரி. அவர் லீவு போடும் நாளில் வருகிறவருக்கு? பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. அம்மோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தால் குளோரமின். இரண்டுமே நுரையீரலைப் பதம் பார்க்கும்.

பெரிய கேனில் அச்சடித்த லேபிள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அதிலிருந்து ஊற்றிய சின்ன பாட்டிலில் எதுவும் இல்லையென்றால் புண்ணியமில்லை. ஆபத்து பெரும்பாலும் கிளம்புவது அங்கேதான். பெயர், படக்குறி, 'டேஞ்சர்' அல்லது 'வார்னிங்' என்ற சொல், முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இந்த அளவுக்கு ஸ்டிக்கர் அச்சடித்துக் கொடுத்தேன். அக்காவே மளமளவென்று ஒட்டிவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

இன்று ஒரே குறிப்பு. தின்னரை யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பகுதி 4 அதைத்தான் சொல்கிறது. மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் வயிற்றில் கிடப்பதைவிட மோசம். தொண்டையில் விரல் விடும் பழக்கம் பலருக்கும் இருப்பதால் இதையும் கதவில் ஒட்டியாயிற்று.

மார்ச் 27, வியாழன்

கையுறை விவகாரம் ஒருவழியாக முடிந்தது. அசிட்டோன் எஸ்டிஎஸ்ஸின் பகுதி 8-ல் 'தகுந்த கையுறை அணியவும்' என்று மட்டும் இருந்தது. எது தகுந்தது என்று தெரிந்துகொள்ளத்தானே தாளைத் திறக்கிறோம்! எங்களிடம் இருப்பது நைட்ரைல் என்ற ரப்பரில் செய்த மெல்லிய நீலக் கையுறை. அசிட்டோன் அதைச் சீக்கிரமே ஊடுருவிவிடும். கை நனைந்தது தெரியும்போது கையுறை போட்டும் போடாத கதைதான்.

சரக்கு தருபவரிடம் விடாமல் கேட்டதில் திருத்திய தாள் வந்தது. பொருள் பியூட்டைல் ரப்பர், தடிமன் இவ்வளவு, ஊடுருவ ஆகும் நேரம் இவ்வளவு நிமிடம் என்று எல்லாம் இருக்கிறது. எழுத முடியாத விவரம் இல்லை, கேட்க ஆள் இல்லாமல் போயிருக்கிறது. முதல் பக்கத்தில் திருத்திய தேதியைப் பார்த்துவிட்டுப் பழைய தாளைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். பியூட்டைல் கையுறை வந்ததும் அசிட்டோன் மேசைக்குப் போய்விட்டது. நைட்ரைல் பெட்டிகள் இனி எண்ணெய் துடைக்கும் வேலைக்கு.