பக்கத்தில் நிற்பவரின் மூச்சு

என் இசைப்பிரதியின் ஐந்தாம் பக்கத்தில் பென்சிலால் போட்ட சிறிய வட்டம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் ஆல்டோ குரல்கள், அதாவது பெண்களின் தாழ்ந்த குரல்கள், ஒரே சுரத்தைப் பன்னிரண்டு பார்களுக்கு (தாளத்தைப் பிரிக்கும் அளவுகளுக்கு), மிக மெதுவான காலத்தில், எங்கும் விடாமல் நீட்டிப் பாட வேண்டும். எவருடைய நுரையீரலும் அவ்வளவு நேரம் தாங்காது. ஆனாலும் கேட்பவர் காதில் அந்தச் சுரம் ஒருமுறைகூட அறுபடக் கூடாது. சேர்ந்திசை பாடுகிறவர்கள் இதற்கென்று பழகி வைத்திருக்கும் வழி, மாறி மாறி மூச்செடுப்பது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வழி, நான் இந்தக் கலையில் கற்றவற்றுள் மிகக் கடினமானது.

எல்லோருக்கும் இயல்பாக மூச்சு வாங்கத் தோன்றும் இடம், ஒரு பார் முடிந்து அடுத்தது தொடங்கும் கோடு. ஆகவே அங்கே எடுக்கக் கூடாது. சொல்லின் நடுவில், உயிரொலி நீண்டுகொண்டிருக்கும்போதே குரலை மெல்லத் தணித்து, ஓசையின்றி மூச்சை நிரப்பிக்கொண்டு, முன்னே நின்ற மெய்யெழுத்தை மறுபடி உச்சரிக்காமல், விட்ட உயிரொலிக்குள் சன்னமாகத் திரும்பி வர வேண்டும். இவை அனைத்தையும் சரியாகச் செய்தாலும், அதே கணத்தில் பக்கத்தில் நிற்பவரும் மூச்செடுத்துவிட்டால் ஒலியில் ஓட்டை விழுந்துவிடும். சென்ற வாரப் பயிற்சியில் எங்கள் வரிசையில் மூவர் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினோம். சுரம் சட்டென்று மெலிந்து, சுருதியும் இறங்கியது. குழுவைக் கையசைவால் வழிநடத்தும் நடத்துநர் கையை நிறுத்தினார். யாரையும் குறை சொல்லவில்லை. பிரதியை மூடிவிட்டுக் கண்களையும் மூடிக்கொண்டு அந்தப் பன்னிரண்டு பார்களை மட்டும் பாடச் சொன்னார். பாடினோம். என் வலப்பக்கத்துத் தோழியின் குரல் தணியத் தொடங்கியது எனக்குக் கேட்டது, நான் தாங்கினேன். அவர் திரும்பி வந்த பிறகு நான் விட்டேன். இம்முறை ஓட்டை விழவில்லை.

இப்படி ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு நிற்கும் கலைக்கு 2020 எத்தகைய ஆண்டாக இருந்தது என்பதைப் பாடாதவர்களுக்கு விளக்குவது கடினம். அந்த மார்ச் 10ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்கைச் சேர்ந்த குழுவினர் 61 பேர் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். நோய் அறிகுறியுடன் வந்த ஒருவரையும் சேர்த்து, உறுதியானவையும் ஐயத்துக்குரியவையுமாக 53 பேருக்குக் கொரோனா கணக்கிடப்பட்டது, இருவர் இறந்தார்கள். அதன்பின் உலகெங்கும் பாட்டுக் கூடங்கள் பூட்டப்பட்டன. எங்களைச் சேர்த்து வைத்திருந்த மூச்சே எங்களுக்குள் அச்சமாக மாறியது.

அப்போது பலருக்கும் ஆறுதலாக இருந்தது அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரின் மெய்நிகர் சேர்ந்திசை. 2010இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பாடகர்களுடன் வெளியான அந்த முயற்சி, 2020இல் 129 நாடுகளிலிருந்து 17,572 பேரை ஒன்று சேர்த்தது. அதை நான் மதிக்கிறேன். தனிமையில் இருந்த ஆயிரக்கணக்கானோருக்குப் பாடுவதற்கு ஒரு காரணத்தை அது தந்தது. ஆனால் இணைய வழியில் ஒலி தாமதித்தே வந்து சேர்வதால், ஒவ்வொருவரும் தனியறையில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, பதிவான நடத்துநரைப் பார்த்துப் பாடி அனுப்ப, பிறகு அவை ஒன்றாகக் கோக்கப்பட்டன. அங்கே எவரும் எவருக்காகவும் சுரத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

மிகப் பெரிய குழுக்களில் வேறொரு சிக்கல் உண்டு. ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும்; 70 மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம்மை வந்தடைய ஐந்தில் ஒரு வினாடி ஆகிவிடும். அந்நிலையில் காதை நம்பினால் பாட்டு பின்தங்கும். நடத்துநரின் கையைக் கண்ணால் பற்றிக்கொள்வது ஒன்றே வழி. எஸ்தோனியாவில் 1869இல் தார்த்து நகரில் தொடங்கி, இன்று தாலின் நகரின் பாடல் திடலில் பல்லாயிரம் பேர் ஒரே மேடையில் நின்று பாடும் விழா இப்படித்தான் நடக்கிறது. 2025 ஜூலையிலும் நடந்தது. லிடியா கொய்துலாவின் வரிகளுக்கு குஸ்தாவ் எர்னேசாக்ஸ் 1944இல் இசையமைத்த தாய்நாட்டுப் பாடலை, சோவியத் ஆட்சிக் காலமான 1960இல், நிரலில் இல்லாதபோதும், பாடகர்களும் மக்களும் தாங்களாகவே பாடியது அந்த விழாவில்தான். முன்னறிவிப்பில்லாத அந்தப் பாட்டுக்கு அத்தனை பேரும் சேர்ந்து எடுத்திருக்கக்கூடிய முதல் மூச்சைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

குழு பெரிதோ சிறிதோ, இந்தப் பழக்கம் உருவாக ஆண்டுகள் தேவை. அதனால்தான் 2023 மார்ச்சில் வந்த ஒரு செய்தி என்னை அவ்வளவு வருத்தியது. 1924இல் தொடங்கிய பிபிசி சிங்கர்ஸ் என்னும் பிரிட்டன் சேர்ந்திசைக் குழுவை, நூற்றாண்டு நிறைய ஓராண்டு இருக்கும்போது, மூடப்போவதாக பிபிசி அறிவித்தது. அதில் இருந்தவர்கள் வெறும் 20 பேர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்ததும், இசையமைப்பாளர்கள் நூற்றுக்கணக்கில் குரல் கொடுத்ததும், அதே மாதத்தில் அம்முடிவு நிறுத்தி வைக்கப்பட்டதும், குழு தன் நூறாவது ஆண்டைக் கண்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. தேவைப்படும்போது நல்ல பாடகர்கள் இருபது பேரைக் கூலிக்குச் சேர்த்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சுரங்களைப் பிழையின்றிப் பாட அது போதும். ஆனால் யார் எந்தச் சுரத்தில் களைப்பார், யாருடைய குரல் தணிந்தால் யார் தாங்க வேண்டும் என்பதை எந்த இசைப்பிரதியிலும் எழுதி வைக்க முடியாது. கூட நின்று பாடிப் பாடித்தான் அது தெரிய வரும்.

வரும் வாரம் முதல் என் இடப்பக்கத்தில் புதிதாக ஒருவர் நிற்கப் போகிறார். அவருடைய பிரதியில் இன்னும் பென்சில் குறி எதுவும் இல்லை. என் வட்டத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளும்படி நான் சொல்லப் போவதில்லை; என் மூச்சு விழும் இடத்தில் அவர் மூச்சு விழக் கூடாது. முதல் நாள் அவர் எங்கே எடுக்கிறார் என்று கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் என் வட்டத்தை அழித்து வேறு இடத்தில் போட்டுக்கொள்வேன்.