தீயை நான் அணைக்கவே இல்லை

2018 மார்ச் 11. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. போடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் குரங்கணிப் பக்கம் மலையில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். மலையேறப் போனவர்களில் 23 பேர் அந்தத் தீயில் போய்ச் சேர்ந்தார்கள்.

அதனால்தான், கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து, ஏழு நாள் முகாம் காட்டில் என்றதும் அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "அந்த மலைக்கா?" என்று ஒரே கேள்வி. கடைசியில் அப்பாதான் போட்டார். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை என்பது கணக்கு. பாதிப் பேர் அந்தக் கணக்குக்காகத்தான் வந்தார்கள். நானும் கொஞ்சம் அப்படித்தான்.

2023 ஜனவரி. முகாமுக்கென்று கல்லூரியில் மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் காலையில் எங்களைப் பார்த்ததும் வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் ஒருவர் என் சட்டை நுனியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "பாலியெஸ்டரு. சூடு பட்டா உருகி ஒடம்போட ஒட்டிக்கிரும். பருத்திச் சட்டை இல்லையா தம்பி?" இருந்தது, பையின் அடியில், பழையது. ஏழு நாளும் அதுதான்.

அவரே ஒரு தீக்குச்சியை உரசி, தலை மேலே இருக்கும்படி பிடித்தார். மெதுவாக எரிந்தது. இன்னொன்றை உரசித் தலைகீழாகப் பிடித்தார். நெருப்பு விறுவிறுவென்று விரலை நோக்கி ஏறியது, உதறிவிட்டார். "மலைச்சரிவும் இந்தக் குச்சிதான். கீழ புடிச்சா மேல ஓடும், உங்க கால விட வேகமா. மேல் பக்கம் ஓடாதீக. முடிஞ்சா எரிஞ்சு கருகிக் கெடக்குற எடத்துக்குள்ள போயிருங்க, அங்க திரும்ப எரிய ஒண்ணும் இருக்காது." மூன்று மணி நேர வகுப்பில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது, அந்தக் குச்சி மறக்கவில்லை.

வேலை என்றால் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது. ஆளுயரப் புல்லை அரிவாளால் அறுத்து, வேரோடு மண்வெட்டியால் செதுக்கி, சருகைக் கூட்டி ஒதுக்க வேண்டும். அறுத்துப் போட்டதும் முடிந்தது என்று உட்கார்ந்தோம். "மண்ணு தெரியணும் தம்பி. புல்லு படுத்துக் கெடந்தாலும் அது வழியா நெருப்பு தாண்டிரும்." முதல் நாள் நாற்பது பேர் சேர்ந்து இருநூறு அடி தாண்டவில்லை. கொடுமை என்னவென்றால், ராத்திரி காற்றடித்துக் காலையில் போனால் கூட்டிய இடமெல்லாம் புதுச் சருகு.

மார்ச்சில் நிஜமாகவே தீப்பிடித்தது. இந்திய வன ஆய்வு நிறுவனத்திலிருந்து செயற்கைக்கோள் எச்சரிக்கை குறுஞ்செய்தியாக வனவர் போனுக்கு வரும். அதில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் நீளம், 375 மீட்டர் அகலம் உள்ள ஒரு சதுரம். வரைபடத்தில் துல்லியமாகத் தெரிகிற அந்தப் புள்ளி, மலையில் 'அந்தா, அந்த மடிப்புக்குள்ள எங்கிட்டோ' என்றுதான் ஆகிறது. நாங்கள் ஆறு பேர் ஓடினோம். அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மாணவர்கள் மேலே போகக்கூடாது.

என் கையில் ஒரு நோட்டு கொடுத்தார்கள். ஏறுகிறவர் பெயர், ஏறிய நேரம். இறங்கினால் டிக். ஒன்பது மணி நேரம் அதுதான் என் வீரசாகசம். சாயங்காலம் எண்ணினால் பதினேழு பெயருக்குப் பதினாறு டிக். வாக்கிடாக்கியில் மேலே கேட்டால் இங்கே யாரும் இல்லை என்கிறார்கள். ஒரு மணி நேரம் தொண்டையில் எச்சில் இறங்கவில்லை. அந்த மனுஷன் வேறு தடத்தில் இறங்கி டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார். திட்டவும் முடியவில்லை, கட்டிப்பிடிக்கத்தான் தோன்றியது. அந்த நோட்டு எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

தீ அணைந்த பிறகு கல்லூரியில் ஆயிரக்கணக்கில் விதைப்பந்து வீசலாம் என்றார்கள். படத்துக்கு நன்றாக இருக்கும். போய்ப் பார்த்தால் கருகிய புல்லின் தூரிலிருந்தே பச்சை முளைத்திருந்தது. கேட்டோம், உண்ணிச்செடியைப் பிடுங்குங்கள், அதுபோதும் என்றார் அண்ணன். எரிந்த இடத்தை அது முந்திக்கொண்டு வளைத்துவிடுமாம். இரண்டு சனி ஞாயிறு வேரோடு பிடுங்கினோம், கையெல்லாம் கீறல். மழைக்கு முன்னால் ஓடைச் சரிவுகளில் குறுக்கே கல் அடுக்கினோம், சாம்பலும் மேல்மண்ணும் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க.

அடுத்த ஜனவரியில் மறுபடி அதே கோட்டுக்குப் போனேன். முழங்கால் உயரம் புல். பின்னாலேயே பஸ்ஸில் ஜூனியர்கள் வந்து இறங்கினார்கள். எல்லார் மேலும் அதே பாலியெஸ்டர், இந்த வருஷம் பச்சை நிறம்.