மொட்டை மாடியில் சுண்ணாம்பு, மேற்குச் சுவரில் மூங்கில் தட்டி

குளிர் நாடுகளில் தெற்குப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து, குளிர்கால வெயிலை வீட்டுக்குள் வாங்கித் தரையிலும் சுவரிலும் சேமிக்கிறார்கள். சென்னையில் நமக்கு வேண்டியது நேரெதிர். வெயில் கான்கிரீட்டைத் தொடும் முன்பே அதை நிறுத்த வேண்டும். நாங்கள் இருப்பது நங்கநல்லூரில், மேல் தளம். பகலைவிட ராத்திரிதான் கொடுமை. தளத்தில் பகலெல்லாம் ஏறிய சூடு மெதுவாக இறங்கி, படுக்கப் போகும் நேரத்துக்குத்தான் அறைக்கு வந்து சேரும். மின்விசிறி அதையே நம் மேல் தள்ளும்.

அதனால் முதல் வேலை மாடி. கிளிஞ்சல் சுண்ணாம்பை டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் கொதித்து நீறியது. கண்ணில் தெறித்தால் ஆபத்து; கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ராத்திரி முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்தேன். மாடியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வெயில் தாழ்ந்த பிறகு பூசினேன். ஈரத்தில் ஒன்றுமே பூசாத மாதிரி சாம்பலாகத்தான் தெரியும். காயக் காய வெளுக்கும். மறுநாள் குறுக்குவாட்டில் இரண்டாவது பூச்சு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலையைப் பூசாமல் விட்டிருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு லேசர் வெப்பமானியில் அந்த மூலை 58 டிகிரி, வெள்ளைப் பக்கம் 43. படுக்கையறைக் கூரையின் அடிப்பக்கம் ராத்திரி பத்து மணிக்கு 38 காட்டிக்கொண்டிருந்தது, இப்போது 34. "இப்பதான் பாய் விரிச்சுப் படுக்க முடியுது" என்றார் அம்மா. எனக்கு அதுதான் பெரிய அளவீடு.

அப்புறம் மேற்குச் சுவர். உள்ளே திரை போட்டுப் பெரிய பயனில்லை. கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வந்ததுதான். ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூங்கில் தட்டி கட்டினோம். நடுவில் சூடாகும் காற்று மேலே போக அந்த இடைவெளி அவசியம்.

காற்று விஷயத்தில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மே மாதக் காலையில் அடிப்பது மேற்கிலிருந்து வரும் வறண்ட தரைக்காற்று. அதற்கு மேற்கு ஜன்னலில் வெட்டிவேர் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் அறை நன்றாகவே குளிர்கிறது. மதியம் கடல் காற்று உள்ளே வந்ததும் ஈரப்பதம் ஏறிவிடும், தட்டியில் தண்ணீர் ஆவியாவது குறைந்துவிடும். அப்போது தட்டியைச் சுருட்டிவிட்டு, கிழக்கு ஜன்னல்களையும் மாடிப்படியின் மேல் கதவையும் திறந்துவிடுகிறோம். சூடான காற்று படி வழியாக ஏறி வெளியே போய்விடுகிறது.

வடக்குப் பக்கத்தை நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் வடக்குச் சுவரிலும் வெயில் விழுவது அதனால்தான். அந்த ஜன்னலுக்கு ஒரு சன்ஷேடு போட மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கொஞ்சம் கரையும். தளம் நன்றாகக் காய்ந்ததும் விரிசல்களை அடைத்துவிட்டு, மாசியில் மறு பூச்சு.