ஓடுகிற பம்பும் நிற்கிற பம்பும்

எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் கார் வாங்குகிறவர் உப்பையும் சேர்த்தே வாங்குகிறார். மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், கீழக்கரை என்று கடலை ஒட்டி எந்த ஊரை எடுத்தாலும் கதை ஒன்றுதான். கதவின் அடி விளிம்பில் முதலில் பெயின்ட் குமிழ் விடும். நகத்தால் சுரண்டினால் தகடு செதில் செதிலாக உதிரும். பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலத்திலேயே துருவின் காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, தனிப் பெயின்ட் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ரயில்வேக்கே அந்தப் பாடு என்றால் நம் வீட்டு வாசலில் நிற்கிற கார் எம்மாத்திரம்.

நான் பார்த்ததெல்லாம் குளிர்ச்சி சம்பந்தப்பட்ட வேலைதான். முதலில் ராமநாதபுரத்தில் ஒரு கார் ஏ.சி. ஒர்க்‌ஷாப். அப்புறம் துபாயில் உயரமான ஓர் அலுவலகக் கட்டடத்தின் சில்லர் அறை, அதாவது கட்டடம் முழுவதற்கும் ஏ.சி. தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம் நிற்கிற அறை. இப்போது ஊருக்கே வந்து ஐஸ் கம்பெனிகளுக்கு ரிப்பேர் வேலை. கார் என்றால் எப்போது காலை வாரும் என்று தெரியாது, பெரிய கட்டடம் என்றால் சொன்னபடி ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டுக்குள்ளும் கை விட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உள்ளே இருக்கும் சாமான்கள் ஏறக்குறைய ஒன்றுதான், அவை கெட்டுப்போகிற விதமும் ஒன்றுதான்.

ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த காலத்தில் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கார்பரேட்டர் வண்டிகள். சித்திரை வெயிலில் ஏறி இறங்கி வந்து நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோல் போகிற குழாய் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ளிக்கொண்டிருக்குமே தவிர கார்பரேட்டருக்குத் திரவம் வந்து சேராது. டிரைவர்கள் துண்டை நனைத்துப் பம்பின் மேல் போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் டீ குடித்து வருவார்கள். டீ முடியும்போது வண்டி தயார். காரணம் கேட்டால் ‘பம்புக்கு மயக்கம்’ என்பார்கள்.

அதே ஒர்க்‌ஷாப்பில்தான் ஏ.சி. எப்படிக் குளிர்கிறது என்று கற்றுக்கொண்டேன். கேஸ் திரவமாக இருந்து ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சும். பெட்ரோல் குழாயில் நடந்தது கோளாறு. அதே காரியம் கூலிங் காயிலுக்குள் நடந்தால் அதற்குத்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார். ஆவியானதைக் கம்ப்ரஸர் அழுத்திச் சூடாக்கும், கண்டன்சரில் அந்தச் சூடு வெளியே போகும், கேஸ் மறுபடி திரவமாகும். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான். கொட்டுகிற இடம் அடைத்துக்கொண்டால் எல்லாம் கெட்டது.

அப்படி அடைத்துக்கொண்ட ஒரு பழைய டீசல் காருக்கு நான் சொந்தக்காரனாக இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், குற்றம் அதன் மேல் இல்லை. எனக்கு முன் அதை வைத்திருந்தவர்கள் வழியில் கிடைத்த போர் தண்ணியையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊர் போர் தண்ணி வாயில் வைக்க முடியாது, அதை ரேடியேட்டர் மட்டும் எப்படிக் குடிக்கும்? குழாய்களுக்குள் உப்புப் படிந்து பாதி வழி அடைபட்டிருந்தது.

ஒரு மே மாதம், மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பினோம். முன் சீட்டில் மாமா, பட்டு வேட்டியில். கொஞ்ச தூரம் போனதும் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்தேன்.

“என்ன மாப்ளே, ஏ.சி.லேருந்து அனல் வருது?”

“மாமா, அது இப்ப ஹீட்டர். கண்ணாடியை இறக்கி விடுங்க.”

“அக்னி நட்சத்திரத்துல ஹீட்டர் போடுறவனை இப்பத்தான் பாக்குறேன்.”

கார் ஹீட்டர் தனி அடுப்பு அல்ல. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினில் சூடான தண்ணீர் அதன் வழியாகவும் சுற்றும், ஃபேன் அந்தச் சூட்டை நம் முகத்தில் ஊதும். பெரிய ரேடியேட்டர் கைவிடும்போது, எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை நாம் வாங்கிக்கொள்கிறோம். முள் இறங்கியது. மாமா உச்சிப்புளியில் இறங்கிப் பஸ் பிடித்தார். எனக்கு முன்னால் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர்தான்.

எங்கள் கடற்கரைக் கார்களின் இன்னொரு வியாதி எர்த் கோளாறு. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன்தான் இங்கே மெக்கானிக். லைட் மங்கும், ஹாரன் முனகும், செல்ஃப் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கும். உரிமையாளர் பேட்டரியை மாற்றுவார், செல்ஃப் மோட்டாரை மாற்றுவார், கடைசியில் காரையே மாற்றுவார். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகிற பட்டை வயரின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். உப்புத் தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கினால் தீர்ந்தது. கூலி கேட்கவே கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேட்டுவிடுவோம்.

துபாயில் சில்லர் அறைக்குள் முதலில் நுழைந்தபோது அளவைப் பார்த்து மிரண்டது உண்மை. காரில் உள்ளங்கையில் அடங்கும் சாமான் அங்கே லாரி அளவில் நின்றது. கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்ததும் எல்லாம் தெரிந்த முகங்கள்: கம்ப்ரஸர், கண்டன்சர், எக்ஸ்பான்ஷன் வால்வ், கூலர். கேஸ்கூட காரில் போடுகிற அதே ஆர்-134ஏ. சாதாரண காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ஒரே வித்தியாசம், கட்டடத்தில் கேஸை மாடி மாடியாக அனுப்புவதில்லை. சில்லர் தண்ணீரைத்தான் குளிர வைக்கும். 6, 7 டிகிரியில் கிளம்பும் தண்ணீர் பெரிய குழாயில் மேலே போய், ஒவ்வொரு மாடியிலும் இருக்கும் ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டின் காயிலுக்குள் ஓடும். ஃபேன் அதன் மேல் காற்றை ஊதி டக்ட் எனும் தகரக் காற்றுக் குழாய் வழியாக அறைகளுக்குத் தள்ளும். ஆட்கள், கம்ப்யூட்டர்கள், லைட்டுகள், கண்ணாடிச் சுவரில் விழும் வெயில் எல்லாவற்றின் சூட்டையும் வாங்கிக்கொண்டு 12, 13 டிகிரியில் தண்ணீர் திரும்பும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளே சுமார் 100 வாட் சூட்டை விடுகிறார். சில்லர் அந்தச் சூட்டை இன்னொரு தண்ணீருக்குக் கைமாற்றும். அது கூலிங் டவரில் தூறலாக விழுந்து, கொஞ்சம் ஆவியாகி, மீதி ஆறி வரும்.

இதில் எங்கள் ஊருக்குச் சொந்தம் கொண்டாட ஒரு விஷயம் உண்டு. ஏ.சி.யை ‘டன்’ கணக்கில் சொல்கிறோமே, அது ஐஸ் கணக்கு. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் ஒரு நாளில் உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அது ஒரு டன், ஏறக்குறைய மூன்றரை கிலோவாட். 828 மீட்டர் உயரமான புர்ஜ் கலீஃபாவுக்கு உச்ச வெயிலில் சுமார் 10,000 டன் வேண்டும் என்கிறார்கள். மண்டபத்தில் போட்டுக்குள் ஏற்றுகிற 50 கிலோ ஐஸ் பாரில் கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 1,80,000 பார். இந்தக் கணக்கைச் சொல்லி ஒரு போட்டுக்காரரை அசத்தப் பார்த்தேன். “எடுத்துட்டு வாங்கண்ணே, பாதி விலைக்கு வாங்கிக்கிறேன்” என்றார்.

உயரமான கட்டடத்தில் உண்மையான தலைவலி சூட்டைவிடத் தண்ணீரின் எடைதான். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் அடியில் ஒரு பார் அழுத்தம் கொடுக்கும் (இது ஐஸ் பார் அல்ல, அழுத்தத்தை அளக்கும் அலகு). கார் ரேடியேட்டர் மூடி ஏறக்குறைய ஒரு பார் அளவுக்குத்தான் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் போனால் வண்டி கொதித்துவிடும். இருநூறு மீட்டர் கட்டடத்தில் அடித்தளத்துக் குழாய்க்கும் வால்வுக்கும் பம்பின் சீலுக்கும் இருபது பார். அதற்கு மேல் போகப் போக ஒரே குழாயில் தண்ணீரை ஏற்றுவது கட்டுப்படியாகாது. அதனால் கட்டடத்தைப் பகுதி பகுதியாக வெட்டி, நடுநடுவே மெக்கானிக்கல் மாடி வைப்பார்கள். அங்கே மெல்லிய தகடுகளை அடுக்கிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கும். கீழ்ப் பகுதித் தண்ணீர் தகட்டின் ஒரு பக்கம், மேல் பகுதித் தண்ணீர் மறுபக்கம். இரண்டும் கலக்காது, குளிர்ச்சி மட்டும் கைமாறும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு டிகிரி போல நஷ்டம். லிஃப்டில் போகிறவர்கள் நிற்காமல் தாண்டும் சில மாடிகள் இருக்கின்றனவே, எங்கள் உலகம் அங்கேதான்.

குளிர் நாடுகளில் இதே குழாய்களில் வெந்நீரோ நீராவியோ ஓடும். நியூயார்க்கில் 1882 முதல் தெருவுக்கு அடியில் நீராவிக் குழாய் போட்டுக் கட்டடங்களுக்கு விற்கிறார்கள். பெரிய அலுவலகக் கட்டடத்தில் பனிக்காலத்திலும் நடுப்பகுதிக்குக் குளிர்ச்சி வேண்டியிருக்கும், ஏனென்றால் அங்கே ஆட்களின் சூடும் கம்ப்யூட்டர் சூடும் வெளியேற வழியில்லை. கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்தவருக்கோ நடுக்கம். ஒரே மாடியில் உள்ளே ஏ.சி., ஓரத்தில் ஹீட்டர். மாமா அன்று இதைக் கேட்டிருந்தால் என்னைக் கொஞ்சம் மன்னித்திருக்கலாம்.

காற்றும் விளையாட்டுக் காட்டும். குளிர் நாட்டில் உள்ளிருக்கும் சூடான காற்று லிஃப்ட் குழி வழியாக மேலேறி, கீழ்க் கதவில் வெளிக்காற்றை உறிஞ்சும். துபாயில் தலைகீழ். குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கி வாசல் வழியே வழியும், உச்சியில் புழுக்கக் காற்று உள்ளே நுழையும். சுழல் கதவு பகட்டுக்கு மட்டும் வைத்ததல்ல. அந்தப் புழுக்கம் காயிலில் பட்டால் தண்ணீராகச் சொட்டும். புர்ஜ் கலீஃபாவில் அதைச் சேகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள், ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி கேலன். குடத்துடன் லாரி பார்த்து நின்ற ஊர்க்காரனுக்கு அந்தக் குழாயை முதலில் பார்த்தபோது வயிறு எரிந்தது.

இவ்வளவும் கெட்டுப்போகாமல் ஓடியதா என்றால், ஒரு ஷிஃப்ட்கூட முழுசாகச் சுத்தமாகப் போனதில்லை. பேரிங் கத்தும், சீல் ஒழுகும், மணல் காற்று வந்தால் ஃபில்டர் அடைக்கும், சென்சார் பொய் சொல்லும். ஒரு நாள் மத்தியானம் பம்ப் ஒன்று கருகிய வாசனையோடு நின்றது. எங்கள் சூப்பர்வைசர் கீழக்கரைக்காரர், எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். பதறிப்போய் ஓடினேன். அவர் பேனலைப் பார்த்தபடி, “ரெண்டாம் நம்பர் எடுத்துருச்சுல்ல? அப்ப மொதல்ல லாக் ஷீட்டுல எழுதுங்க தம்பி” என்றார். முப்பதாவது மாடியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, ஏ.சி. குளிர் ஜாஸ்தி என்று வழக்கமான புகார்தான் வந்தது.

தேவைக்கு மேல் ஒரு பம்ப், ஒரு சில்லர், ஒரு டவர் ஃபேன் எப்போதும் உண்டு. ‘என் பிளஸ் ஒன்’ என்பார்கள். அந்த உபரி சும்மா நின்றே துருப்பிடித்துவிடக் கூடாதென்று வாரம் ஒருமுறை முறை மாற்றி ஓட்டுவோம். ஒவ்வொரு மணிக்கும் அழுத்தம், வெப்பநிலை, ஆம்பியர் எழுதுவோம். ஆம்பியர் மெல்ல மெல்ல ஏறினால் பேரிங் போகப்போகிறது என்று பொருள். கட்டடம் நம்பகமாக ஓடியது இந்த எழுத்து வேலையால்தான்.

காரில் ஸ்டாண்ட்பை என்று இருப்பது ஸ்டெப்னி ஒன்றுதான். அதையும் நாம் யாரும் எடுத்து ஓட்டுவதில்லை, காற்றுப் பார்ப்பதில்லை. தேவிபட்டினம் ரோட்டில், இரு பக்கமும் சீமைக்கருவேலம் தவிர எதுவும் இல்லாத இடத்தில் டிக்கியைத் திறக்கும்போதுதான் அது ஏற்கெனவே தட்டையாகிக் கிடப்பது தெரியும். இரண்டாவது ஃபேன் பெல்ட்டோ இரண்டாவது வாட்டர் பம்போ காரில் இல்லை, இருக்கவும் முடியாது. இரண்டு எஞ்சின் சுமந்தால் அது கார் ஆகாது. ஆனால் டெம்பரேச்சர் முள் வழக்கமாக நிற்கும் இடத்தைவிட ஒரு நூல் ஏறியிருக்கிறது என்று கவனிக்க யாருக்கும் செலவில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் பெயர் கெட்ட கார்களில் பாதி, யாரும் முள்ளைப் பார்க்காத கார்கள்.

ஊர் திரும்பியபின் ஐஸ் கம்பெனிகளில் இதே வாதம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், போட்டுகள் கரையில் கிடக்கும், ஐஸ் கேட்க ஆள் இருக்காது. எங்களுக்கு அதுதான் சீசன். அமோனியா கம்ப்ரஸரைப் பிரித்துப் போடுவோம், பிரைன் என்கிற உப்புநீர்த் தொட்டியைக் காலி செய்து துரு பார்ப்போம். கண்டன்சருக்குத் தண்ணி ஏற்றும் மோட்டார் ஒன்றே ஒன்று வைத்திருந்த ஒரு முதலாளியிடம் இன்னொன்று போடச் சொன்னேன்.

“ஓடுறதுக்கே ஒரு மோட்டார் போதும். இன்னொன்னு எதுக்குத் தம்பி, சும்மா நிக்கவா?”

“ஆமா முதலாளி, சும்மா நிக்கத்தான்.”

இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் மதுரையிலிருந்து பழைய மோட்டார் ஒன்றை வாங்கி இறக்கினார், விலையைச் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டே. ஃபவுண்டேஷன் போல்ட் அளவு பொருந்தவில்லை, கான்கிரீட்டை உடைத்து மறுபடி போட வேண்டியிருந்தது. இப்போது திங்கட்கிழமை தோறும் பழையது ஒரு வாரம், புதியது ஒரு வாரம் என்று மாற்றி ஓட்டுகிறார்கள். சுவரில் ஆணி அடித்து ஒரு நோட்டும் தொங்க விட்டிருக்கிறேன். ஆம்பியர் எழுதச் சொன்னால் பையன்கள் நேற்றைய எண்ணையே பார்த்து எழுதுகிறார்கள். அதற்கு இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.