எலும்புக்குள் வைக்கும் சாரம் எப்போது கரைய வேண்டும்?

நாலுவழிச்சாலையில் யாராவது பைக்கில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால், நம்ம ஊர்ப்பக்கம் முதலில் வரும் யோசனை கட்டு வைத்தியரிடம் போவதுதான். உளுந்து மாவு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை. முறிந்த இரண்டு முனையும் நேராகச் சேர்ந்து அசையாமல் இருந்தால் உடம்பே ஒட்டவைத்துக்கொள்ளும். ஆனால் நடுவில் ஒரு துண்டே இல்லாமல் போய்ப் பெரிய இடைவெளி விழுந்திருந்தால் எந்தக் கட்டும் உதவாது, அந்த இடைவெளியில் வெறும் தழும்புச் சதைதான் வளரும்.

என் சித்தப்பா மகனுக்கு நாங்குநேரி பக்கத்தில் விழுந்து முன்காலில் இப்படித்தான் ஆனது. அவனுடைய இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து வைத்தார்கள். இன்றைக்கும் அதுதான் மருத்துவர்கள் அதிகம் நம்பும் முறை, ஏனென்றால் சொந்த எலும்பில் உயிருள்ள செல்களும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் "காலை விட எடுத்த இடந்தாண்ணே வலிக்கு" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான். வெளியிலிருந்து எதையாவது வைத்து வளர வைக்க முடியாதா என்று அவன் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

முடியும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரி, நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை இடைவெளியில் வைக்கிறார்கள், செல்கள் அதில் ஒட்டி எலும்பை உண்டாக்குகின்றன. துளை குறைந்தது 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும், 300-க்கு மேல் இருந்தால் ரத்தக்குழாய்கள் நன்றாக உள்ளே நுழையும். துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் மட்டும் எலும்பு வளர்ந்து நடுப்பகுதி வெறுமையாகவே நிற்கும்.

அப்புறம் இதைக் கழற்ற யாரும் வரமாட்டார்கள், தானாகவே கரைய வேண்டும். "கரையும்" என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதாது, எவ்வளவு நாளில் என்பதுதான் கேள்வி. 1892-லேயே டிரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் எலும்புக் குழிகளில் பாரிஸ் சாந்தை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) நிரப்பிப் பார்த்தார். அது சில வாரங்களில் கரைந்துவிடும், பெரிய இடைவெளியில் எலும்பு அவ்வளவு வேகமாக வளராது. ஹைட்ராக்ஸி அபடைட் நேர் எதிர், நம் எலும்பின் தாதுவுக்கு நெருக்கமானதுதான், ஆனால் சுட்டு இறுக்கியது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். டிரைகால்சியம் பாஸ்பேட் கரையும் வேகத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், அதை ஹைட்ராக்ஸி அபடைட்டோடு கலந்து வேகத்தைச் சரிசெய்கிறார்கள். கரையும் தையல் நூலில் இருக்கும் பாலிலாக்டிக் வகைப் பிளாஸ்டிக்குகளிலும் சாரம் செய்யலாம், என்ன, அவை உடையும்போது அமிலம் வரும், அது ஒரே இடத்தில் தேங்கினால் அழற்சி உண்டாகும். மெக்னீசியம் நல்ல உறுதி, ஆனால் அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

இதெல்லாம் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை. நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரத்தில் இருக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்திலேயே எலும்பில் நிரப்பும் செராமிக் பொருட்களை (ஹைட்ராக்ஸி அபடைட் மாதிரி சுட்டு இறுக்கியவை) உருவாக்கியிருக்கிறார்கள்.

தம்பிக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். செராமிக் எளிதில் நொறுங்கும், தாடையிலோ பல்லைச் சுற்றியோ சின்னக் குழி என்றால் அது தனியாகவே போதும், ஆனால் உடம்பின் எடையைத் தாங்கும் காலெலும்பில் பிளேட்டோ கம்பியோ கூடவே வேண்டும். உள்ளே சீழ் இருந்தால் முதலில் அதைச் சுத்தமாக்கிவிட்டுத்தான் எதையும் வைக்க முடியும். சிகரெட்டையும் விடணும்லே, எந்தப் பொருளை வைத்தாலும் ரத்த ஓட்டம் குறைந்தால் எலும்பு வளராது.